பருந்து மலையைக் காத்த பெண்மணி

காட்டுத் தரையில் வரிசை வரிசையாகப் பறவைகள் கிடக்கின்றன. எல்லாம் பருந்துகள், வல்லூறுகள். வானத்தில் விரிய வேண்டிய சிறகுகள் மண்ணில் விரிந்து கிடக்கின்றன. ஒன்றுக்கும் உயிர் இல்லை.

இது ஒரு போட்டோ. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு மலையில் 1932-ம் ஆண்டில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் ரிச்சர்டு போ என்ற வாலிபர்.

இப்படிப்பட்ட படங்களைப் பலர் பார்த்தார்கள். பரிதாபப்பட்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரே ஓர் அம்மையாருக்கு மட்டும் அப்படிப் போக முடியவில்லை. அவர் பெயர் ரோசாலி எட்ஜ்.

இன்று அதே மலையில், அதே பாறைகளின் மேல் ஆண்டுதோறும் மக்கள் கூடுகிறார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, காமிரா இருக்கிறது. தெற்கு நோக்கிப் பறந்து செல்லும் பருந்துகளை அவர்கள் படம் பிடிக்கிறார்கள். காற்றும் மாறவில்லை, பறவைகளின் வழியும் மாறவில்லை. மனிதர் கையில் இருந்த பொருள் மாறிவிட்டது. மாற்றியவர் இந்த அம்மையார்.

செல்வக் குடும்பத்துப் பெண்

ரோசாலி 1877-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். அவருடைய தந்தை, புகழ் பெற்ற ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சுக்கு உறவினர்.

1909-ல் ரோசாலிக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை சார்லஸ் எட்ஜ், இங்கிலாந்து நாட்டு என்ஜினீயர். திருமணம் நடந்த இடம் ஜப்பானின் யோக்கோஹாமா நகரம். சில ஆண்டுகள் கணவருடன் ஆசிய நாடுகளைச் சுற்றிவிட்டு ரோசாலி நியூயார்க்குக்குத் திரும்பினார். ஒரு மகன், ஒரு மகள் பிறந்தார்கள்.

அந்தக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அதற்காகப் பெண்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். ரோசாலியும் அதில் சேர்ந்தார். மேடை ஏறிப் பேசினார். துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1917-ல் நியூயார்க் மாநிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 1920-ல் நாடு முழுவதும் கிடைத்தது.

பெரிய மனிதர்களின் முன்னால் எழுந்து நின்று, நடுங்காமல் கேள்வி கேட்பது எப்படி? அதை ரோசாலி கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இந்தப் போராட்டம்தான். பிற்காலத்தில் அந்தப் பாடம் பறவைகளுக்குப் பயன்பட்டது.

பறவைகள் தந்த ஆறுதல்

1921-ல் ரோசாலியின் குடும்ப வாழ்க்கையில் புயல் வீசியது. கணவரும் மனைவியும் பிரிந்தார்கள். குழந்தைகளுடன் ரோசாலி தனியே வாழத் தொடங்கினார்.

மனத்தின் பாரத்தைக் குறைக்க அவருக்கு ஒரு வழி கிடைத்தது. நியூயார்க் நகரின் நடுவில் "சென்ட்ரல் பார்க்" என்ற பெரிய பூங்கா இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அங்கே போய்ப் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினார். மகனும் கூடவே வருவான். எந்தப் பறவை எப்போது வருகிறது, எப்படிக் கூவுகிறது, எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்.

துக்கத்தில் துணையாக வந்தவர்களை மனிதர் மறப்பது உண்டு. ரோசாலி தமக்குத் துணையாக வந்த பறவைகளை மறக்கவில்லை.

கேள்வி கேட்ட பெண்

1929-ம் ஆண்டு கோடைக்காலம். ரோசாலி பாரிஸ் நகரில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு புத்தகம் தபாலில் வந்தது. பிரித்துப் படித்தார். அமெரிக்கப் பறவைகளில் பல இனங்கள் அழியும் நிலையில் இருக்கின்றன. அவற்றைக் காக்க ஏற்பட்ட சங்கங்களோ வாய் மூடிக் கிடக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர்களில் ஒருவர் வில்லார்டு வான் நேம். நியூயார்க் மியூசியத்தில் வேலை பார்த்த விலங்கியல் அறிஞர்.

படித்த ரோசாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறையில் அங்கும் இங்கும் நடந்தார். சாப்பிடப் போவதற்காகக் குடும்பத்தார் காத்திருந்ததுகூட அவருக்கு நினைவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவில் பறவைகளைக் காக்க "ஆடுபான் சங்கம்" என்ற பெரிய சங்கம் இருந்தது. அதன் ஆண்டுக் கூட்டம் 1929 அக்டோபர் 29-ந் தேதி நடந்தது. நியூயார்க் பங்கு மார்க்கெட் விழுந்து, உலகமே கலங்கிய நாள் அதுதான். ரோசாலி பூங்கா வழியே நடந்து கூட்டத்துக்குப் போனார். சங்கத்தில் அவர் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அவரை யாருக்கும் தெரியாது.

கூட்டம் அமைதியாக நடந்தது. ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டார்கள். ரோசாலி எழுந்தார். அந்தச் சிறு புத்தகத்தில் உள்ள குற்றச்சாட்டுகளுக்குச் சங்கத்தின் பதில் என்ன என்று கேட்டார். பதில் சரியாக வரவில்லை. மறுபடியும் கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார்.

அவருடைய கேள்விகளால் நேரம் போய்விட்டது. காட்டுவதாக இருந்த சினிமாப் படத்தைக் காட்ட முடியவில்லை. சாப்பாடும் ஆறிப்போகிறது என்று சங்கத் தலைவர் குறைபட்டுக்கொண்டார். தலைவருக்குச் சாப்பாட்டுக் கவலை. ரோசாலிக்குப் பறவைக் கவலை!

அந்த ஆண்டே "அவசரப் பாதுகாப்புக் குழு" என்ற அமைப்பை ரோசாலி தொடங்கினார். பெயர்தான் பெரியது. முக்கியமானவர்கள் மூன்றே பேர். ரோசாலி, வான் நேம், இர்விங் பிராண்ட் என்ற பத்திரிகையாளர். வான் நேம் தம் விருப்பப்படி எழுதி வெளியிடுவதற்கு மியூசியம் தடை போட்டிருந்தது. அதனால் அவர் எழுதினார்; பெயர் போடாமல் ரோசாலி அச்சிட்டு அனுப்பினார்.

கோர்ட்டில் வழக்கு

ஆடுபான் சங்கத்துக்கு லூயிசியானா மாநிலத்தில் ஒரு பறவைச் சரணாலயம் இருந்தது. அங்கே இரும்புப் பொறி வைத்து நீர் எலிகளைப் பிடிக்க விட்டிருந்தார்கள். அவற்றின் தோலுக்கு நல்ல விலை. அந்தப் பணம் சங்கத்துக்கு வந்தது. உயிர்களைக் காக்கும் இடத்தில் உயிர்களைக் கொன்று பணமா என்று ரோசாலி கேட்டார்.

இதை எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத விரும்பினார். உறுப்பினர்களின் முகவரிப் பட்டியலைக் கேட்டார். சங்கம் கொடுக்க மறுத்தது. 1931-ல் ரோசாலி கோர்ட்டுக்குப் போனார். சங்கத்தின் வக்கீல் அவரைச் சண்டைக்காரி என்று ஏசினார். ரோசாலி அதற்கு அசரவில்லை. வழக்கில் வென்றார். சுமார் 11,000 உறுப்பினர்களின் முகவரி கைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் உண்மையை எழுதி அனுப்பினார். 1934-ல் சங்கத் தலைவர் பதவி விலகினார்.

கொலைக்களமான மலை

இப்போது மலைக்கு வருவோம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக மதில் சுவர்போல் நீண்டு கிடக்கிறது. குளிர்காலம் நெருங்கும்போது வடக்கே இரை குறையும். பருந்துகளும் கழுகுகளும் வல்லூறுகளும் தெற்கே புறப்படும். சில இனங்கள் தென் அமெரிக்கா வரை போகும்.

இவ்வளவு தூரமும் சிறகடித்துக்கொண்டே போனால் உடம்பு தாங்காது. அதனால் அவை காற்றைத் துணை கொள்கின்றன. காற்று மலையில் மோதி மேலே எழும்புகிறது. பறவை அந்தக் காற்றில் சிறகை விரித்து வைத்தால் போதும். ஓடத்தில் போவதுபோல் மிதந்து போகலாம். வெயில் நாட்களில் தரை சூடாகி, சூடான காற்று மேலே கிளம்பும். அதில் பருந்துக் கூட்டங்கள் வட்டமிட்டு உயரே போய், அங்கிருந்து தெற்கே சறுக்கிச் செல்லும்.

இந்த மலைத்தொடரில் ஒரு சிகரம், சுமார் 1,500 அடி உயரம். உச்சியில் பெரிய பாறைகள். அங்கே நின்றால் பருந்துகள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் போவதில்லை. கண்ணுக்கு நேராகப் போகும். சில சமயம் காலுக்குக் கீழேகூடப் போகும். அவ்வளவு பக்கம்!

அந்தப் பக்கமே பறவைகளுக்கு எமனாக வந்தது. கோழிக்குஞ்சைத் தூக்கும் பறவை என்று பருந்துகள்மேல் குடியானவர்களுக்குக் கோபம். காட்டுக் கோழியையும் முயலையும் தின்றுவிடுகிறது என்று வேட்டைக்காரர்களுக்குக் கோபம். 1929-ல் பென்சில்வேனியா அரசு ஒரு வகை வல்லூறைக் கொன்றால் 5 டாலர் பரிசு என்று அறிவித்தது. பறக்கும்போது இனம் பிரித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? வந்ததை எல்லாம் சுட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலையில் துப்பாக்கி வெடிச்சத்தம் ஓயாது. பலருக்கு அது பரிசுக்காகச் செய்த வேலைகூட அல்ல, பொழுதுபோக்கு!

செத்தவை மட்டும் அல்ல. அடிபட்டு விழுந்தவை மரத்தடியில் நாட்கணக்கில் துடித்துக் கிடந்தன. எடுத்துக்கொள்ளக்கூட யாரும் இறங்கி வரவில்லை.

போட்டோ பேசியது

1932-ல் ரிச்சர்டு போ இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு மலைக்கு வந்தார். பார்த்ததை வாயால் சொன்னால் ஊரார் நம்பமாட்டார்கள் என்று நினைத்தார். நண்பர்களுடன் காட்டுக்குள் இறங்கினார். செத்த பறவைகளைப் பொறுக்கி வந்து வரிசையாக அடுக்கினார். படம் பிடித்தார்.

பறக்கும் பருந்தைப் படம் பிடிக்கவேண்டிய மலையில், பிணமான பருந்துகளைப் படம் பிடிக்கும்படி ஆயிற்று.

1933-ல் நியூயார்க்கில் பறவை அன்பர்களின் கூட்டம் ஒன்றில் போ இந்தக் கொடுமையை விளக்கினார். ரோசாலியும் அங்கே இருந்தார். மலையை விலைக்கு வாங்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பெரிய சங்கம் ஒன்று அதைக் கவனித்துக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பினார்கள். ரோசாலியும் நம்பினார்.

மாதங்கள் ஓடின. 1934-ம் ஆண்டும் வந்தது. மலையை யாரும் வாங்கவில்லை. இலையுதிர் காலம் வந்தால் மறுபடியும் கொலை தொடங்கிவிடும். இனிப் பிறரை நம்பிப் பயனில்லை என்று ரோசாலி முடிவு செய்தார். தாமே புறப்பட்டுப் போனார்.

மலை விலைக்கு இருந்தது. சுமார் 1,400 ஏக்கர். விலை ஏக்கருக்கு இரண்டரை டாலர். மொத்தம் சுமார் 3,500 டாலர். ரோசாலியிடம் அவ்வளவு பணம் கையில் இல்லை. வான் நேமிடம் 500 டாலர் கடன் வாங்கினார். அதைக் கொடுத்து மலையைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 56.

வழியை மறித்த தம்பதிகள்

காகிதத்தில் மலை கிடைத்துவிட்டது. துப்பாக்கியோடு வருகிறவர்களை யார் தடுப்பது?

மாரிஸ் பிரவுன் என்ற வாலிபரை ரோசாலி அழைத்தார். பறவைகளைப் பற்றி நன்கு தெரிந்தவர். அந்த ஆண்டுதான் திருமணம் ஆனவர். மனைவி பெயர் இர்மா. சம்பளம் வேண்டாம், செலவுக்குக் கொடுத்தால் போதும் என்று கூறி இருவரும் செப்டம்பர் மாதம் வந்து சேர்ந்தார்கள்.

மலைப் பாதையில் அறிவிப்புப் பலகைகளை மாட்டினார்கள். இங்கே வேட்டையாடக் கூடாது என்று எழுதினார்கள். ஊரில் கோபம் கிளம்பியது. பரம்பரையாகச் சுட்டுவந்த மலையைப் பூட்ட நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாளா என்று கொதித்தார்கள். மிரட்டினார்கள். பிரவுன் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டார். இர்மா பாதையின் வாசலில் நின்றார். துப்பாக்கியோடு வந்தவர்களைத் தைரியமாகத் திருப்பி அனுப்பினார்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் அந்த மலையில் ஒரு பருந்துகூடச் சுடப்படவில்லை.

உலகிலேயே வேட்டைப் பறவைகளுக்கு என்று ஏற்பட்ட முதல் சரணாலயம் இப்படித்தான் பிறந்தது. "பருந்து மலை" என்பது அதன் பெயர். 1938-ல் மலையைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல் ஒரு சங்கத்துக்கு ரோசாலி ஒப்படைத்தார்.

நோட்டுப் புத்தகம் சொன்ன உண்மை

பிரவுன் பாறையில் உட்கார்ந்து சும்மா இருக்கவில்லை. தினமும் போன பறவைகளை இனம்வாரியாக எண்ணி எழுதிவைத்தார். முதல் ஆண்டிலேயே எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது. இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படைக்குப் போனபோது மட்டும் கணக்கு நின்றது. திரும்பி வந்ததும் தொடர்ந்தது.

எதற்கு இந்த வீண் வேலை என்று சிலர் சிரித்திருக்கலாம். அந்தக் கணக்குதான் பிற்காலத்தில் ஒரு பெரிய ஆபத்தைக் காட்டிக் கொடுத்தது.

வெண்தலைக் கழுகு அமெரிக்காவின் தேசியச் சின்னம். 1935 முதல் 1939 வரை மலையைக் கடந்த அந்தக் கழுகுகளில் 100-க்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 100-க்கு 20-தான். 1957-ல் 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஓர் இளம் கழுகு! கிழங்கள் பறக்கின்றன, குஞ்சுகள் எங்கே?

ரேச்சல் கார்சன் என்ற பெண் விஞ்ஞானி 1945-ல் இந்த மலைக்கு வந்து பருந்துகளைப் பார்த்தவர். பூச்சிக்கொல்லி மருந்துகளின் தீமையைப் பற்றி அவர் எழுதிய "மௌன வசந்தம்" என்ற நூல் 1962-ல் வெளிவந்தது. அதில் பருந்து மலையின் கழுகுக் கணக்கையும் சான்றாகக் காட்டினார். டி.டி.டி. மருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலியச் செய்கிறது என்பது பிறகு தெளிவாகத் தெரியவந்தது. 1972-ல் அமெரிக்காவில் விவசாயத்துக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுகள் மெல்லப் பெருகின. அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து 2007-ல் வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது.

ஒரு பறவை இனம் குறைந்துபோன பிறகு அதைக் காக்க ஓடுவதைவிட, நிறைய இருக்கும்போதே காப்பதுதான் அறிவு என்பது ரோசாலியின் கொள்கை. நிறைய இருந்த காலத்திலேயே எண்ணத் தொடங்கியதால்தான், குறைந்தபோது உலகுக்குத் தெரிந்தது.

கடைசிப் பாராட்டு

பருந்துகளோடு ரோசாலி நின்றுவிடவில்லை. காடுகளுக்காகவும் போராடினார். 1938-ல் ஒலிம்பிக் தேசியப் பூங்காவும், 1940-ல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவும் ஏற்பட்டதில் அவர் குழுவின் உழைப்பு உண்டு. பருந்து மலைக்கும் அடிக்கடி வந்துபோனார்.

1962 நவம்பர் மாதம். ஆடுபான் சங்கத்தின் மாநாடு டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. 33 ஆண்டுகளுக்கு முன் சாப்பாடு ஆறிப்போகும்படி கேள்வி கேட்ட அதே பெண்மணி, அழைப்பு இல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்தார். இப்போது வயது 85. அவரை மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்தார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

சில வாரங்களில், நவம்பர் 30-ந் தேதி, ரோசாலி எட்ஜ் காலமானார்.

இன்றைய மலை

இப்போது பருந்து மலைச் சரணாலயம் சுமார் 2,500 ஏக்கராக வளர்ந்திருக்கிறது. ஓர் இலையுதிர் காலத்தில் சராசரியாக 18,000 வேட்டைப் பறவைகள் கடந்து போகின்றன. எண்ணும் வேலை இன்றும் தொடர்கிறது.

செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் ஆயிரக்கணக்கில் வரும். குளிர் கூடக்கூட வல்லூறுகள் வரும். நவம்பரில் பொன்னிறக் கழுகுகள் வரும். பாறைகளின் மேல் அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லாரும் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

பறக்கும் பருந்தைப் படம் பிடிப்பது எளிது அல்ல. கீழே நின்று எடுத்தால் வெளிச்சமான வானத்தில் கறுப்பு நிழல்தான் விழும். சிறகின் நிறம் தெரியாது, கண் தெரியாது. பறவை போகும் வேகத்திலேயே காமிராவும் திரும்ப வேண்டும். கை கொஞ்சம் தடுமாறினால் படம் கலங்கிவிடும். ஆனால் பருந்து மலையில் பறவை கண்ணுக்கு நேராக வருகிறது. பின்னால் பச்சையும் சிவப்புமான காடு. முதுகின் கோடுகளும் கண்ணின் பளபளப்பும் படத்தில் விழுகின்றன.

துப்பாக்கிக்காரனுக்கு வசதியாக இருந்த அதே நெருக்கம்தான் இன்று காமிராக்காரனுக்கு வசதியாக இருக்கிறது. இருவருமே காத்திருக்கிறார்கள், இருவருமே குறி பார்க்கிறார்கள், இருவருமே விரலால் அழுத்துகிறார்கள். அவன் அழுத்தியதும் பறவை விழுந்தது. இவன் அழுத்திய பிறகும் பறவை தெற்கே பறந்துகொண்டிருக்கிறது.